கேஸ் ஒத்துக்கல

நீங்கள் பொய் சொன்னீர்கள், சார்.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே, லிஃப்ட் பக்கத்தில், பச்சை உடுப்பைக்கூட மாற்றாமல் நின்று, புதுச்சேரியின் சாரம் பகுதியிலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணிடம் சொன்னீர்கள். "மயக்க மருந்து ஒத்துக்கலம்மா. கேஸ் குடுத்ததுல ஹார்ட் வீக்காயிடுச்சு. எங்களால முடிஞ்சதெல்லாம் பார்த்தோம்."

அந்தக் கேஸைக் கொடுத்தவள் நான். நீங்கள் வெளியே அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் உள்ளே அவள் புருஷனின் தொண்டையிலிருந்து குழாயை எடுத்துக்கொண்டிருந்தேன். முகத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை மெதுவாக உரித்தேன். பார்க்க வருகிறவர்களுக்கு முகமாவது முகமாக இருக்கட்டும் என்று ஈரத்துணியால் துடைத்தேன். என் பேரில் ஒரு சாவை எழுதிவிட்டு நீங்கள் லிஃப்டில் இறங்கிப் போன விஷயம் எனக்கு அப்போது தெரியாது.

நான் மயக்க டாக்டர். எங்கள் தொழிலில் பேரும் கிடையாது, முகமும் கிடையாது. நோயாளி கண்ணை மூடும்வரைதான் நாங்கள் இருக்கிறோம். கண்ணைத் திறந்தால் அவர் கும்பிடுவது உங்களைப் போல அறுத்தவரை. இதில் எனக்கு வருத்தம் இல்லை. உழவர்கரையில் மில் தொழிலாளி வீட்டில் பிறந்தவள் நான். கும்பிடு வாங்கிப் பழக்கமில்லை. மேற்படிப்புக்கு மயக்கவியல் கிடைத்திருக்கிறது என்று வீட்டில் சொன்னபோது அப்பா கேட்டார், "ஆளத் தூங்க வெக்கிறதுக்கா இம்மாம் படிப்பு? மில்லுல ரெண்டாவது ஷிஃப்டு பார்த்துட்டு வரச் சொல்லு, எவனும் தானா தூங்குவான்."

தூங்க வைப்பது எங்கள் வேலையில் சின்னப் பகுதி என்று அவருக்குச் சொல்லிப் பார்த்தேன். தூங்குகிற ஆளை உயிரோடு வைத்திருப்பதுதான் வேலை. கேட்டுவிட்டு, "அப்ப வாட்ச்மேன் உத்தியோகம்" என்றார். யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான்.

இதைப் படிக்கிறவர்களுக்குக் கேஸ் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் அதைச் சாரத்தில் விஷமாக்கி வைத்திருக்கிறீர்கள். மயக்கம் கொடுக்கிற இயந்திரத்தின் மேல் ஒரு டப்பா உட்கார்ந்திருக்கும். நாங்கள் அந்த நாட்களில் அதிகம் பயன்படுத்தியது ஐசோஃப்ளூரேன். அதற்கு ஊதா நிற டப்பா. உள்ளே திரவம். அது ஆவியாகி ஆக்சிஜனோடு கலந்து நோயாளியின் மூச்சில் போகும். எவ்வளவு போக வேண்டும் என்பதை டப்பாவின் தலையிலுள்ள திருகில் வைப்போம். மூளைக்குப் போய்த் தூங்க வைக்கும் அதே மருந்து இதயத்துக்கும் போகும். போனால் இதயம் அழுத்திச் சுருங்குவதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளும். ரத்தக்குழாய்கள் விரியும். பிரஷர் இறங்கும். இதை யாரும் மறைப்பதில்லை. அளவு கூடினால் கூட இறங்கும், குறைத்தால் ஏறும். திருகை மூடினால் மூச்சிலேயே வெளியே போய்விடும். உள்ளே போன ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. கேஸை எடுக்கலாம். அதனால்தான் எனக்கு அதன்மேல் நம்பிக்கை.

இன்னொன்றும் உண்டு. அடைப்புள்ள இதயத்துக்கு ரத்தம் பத்தாது. பத்தாத இதயத்தை ஓட ஓட விரட்டினால் கெடும். கேஸ் அதன் உழைப்பைத் தணிக்கிறது, அது கேட்கும் ரத்தத்தின் அளவைக் குறைக்கிறது. அதற்கும் மேலே, கொஞ்ச நேரம் ரத்தம் நின்றாலும் தாக்குப்பிடிக்கும்படி இதயத் தசையைக் கேஸ் முன்கூட்டியே பழக்கி வைக்கிறது என்றும் எங்கள் துறையில் பேச்சு. எவ்வளவு தூரம் என்பதில் சண்டை நடக்கிறது. நானே கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன், அது கண்ணுக்குத் தெரிகிற விஷயமில்லை. ஆனால் சரியான அளவில் கொடுத்த கேஸ் இதயத்துக்கு எதிரி இல்லை என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும், சார். தெரிந்துதான் சொன்னீர்கள்.

அந்த மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். சுனாமி வந்ததற்கு அடுத்த வருடம். மில் வேலை போன பிறகு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தார். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் பார்க்கப் போனேன். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. ஜன்னலோரம் அவருடைய தம்பி, அதே கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் டிரைவர்.

"பொஞ்சூர், டாக்டரம்மா" என்றார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான் என்று தம்பி சொன்னார்.

"எப்பருந்துங்க நெஞ்சு வலி?" என்று கேட்டேன்.

"வலின்னு யாரும்மா சொன்னா? கேஸுன்னுதான் நெனச்சினு இருந்தேன். மாடிப்படி ஏறுனா கேஸு. சைக்கிள் மிதிச்சா கேஸு. தெனம் ஒரு சோடா. இவ பெருங்காயத்தக் கரைச்சிக் கரைச்சிக் குடுத்தா. ஏப்பம் வந்துச்சே ஒழிய வலி போவல."

"பூண்டும் குடுத்தேன்" என்றாள் மனைவி. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதுபோல.

சாரத்தில் மட்டும் இல்லை, இந்த ஊர் முழுக்க நெஞ்சில் எது வந்தாலும் கேஸ்தான். பாதி இதயத்தை இழந்துவிட்டு வருகிறவர்கள்கூட முதலில் கேட்பது, "கேஸா இருக்குமா டாக்டர்?" நான் அதை யோசிக்காமல் என் வழக்கமான பேச்சை எடுத்தேன்.

"நாளைக்குக் கேஸ் குடுத்துத்தான் தூங்க வெப்போம்."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, இருக்கிற கேஸ எடுக்கத்தான் வந்து படுத்திருக்கேன். நீங்க இன்னும் ஏத்துறன்றீங்க!"

மனைவி சிரிக்கவில்லை. "கேஸாலதான இம்மாம் பாடு?" என்றாள்.

"வயித்துக் கேஸ் வேறம்மா, இது வேற. இது மருந்து. மூச்சுல போவும். போனா இதயம் கொஞ்சம் மெதுவா வேலை செய்யும், பிரஷர் கொஞ்சம் இறங்கும். நான் பக்கத்துலயே நின்னு பார்த்துனு இருப்பேன். அதிகமாத் தெரிஞ்சா கொறைச்சிடுவேன்."

"ஹார்ட்டு மெதுவாப் போவுமா?"

"கொஞ்சம். அதுக்கு ரெஸ்ட் குடுக்கற மாதிரி."

"எங்கண்ணனுக்கு ரெஸ்ட்டா?" என்றார் தம்பி. "நிக்க வெச்சா துரு ஏறிப்பூடும்மா, ஜாக்கிரதை."

உள்ளதைச் சொன்னேன். நோயாளிக்குப் புரிகிற மொழியில் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் சொன்ன அந்த நாலு வாக்கியத்தை அந்தப் பெண் அப்படியே மனசில் வைத்துக்கொண்டாள். அதன்மேல்தான் நீங்கள் உங்கள் பொய்யைக் கட்டினீர்கள்.

மறுநாள் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நானும் மறக்கவில்லை.

துடிக்கிற இதயத்திலேயே பைபாஸ் செய்வதில் அப்போது உங்களுக்குப் பெருமை. இதயத்தை நிறுத்துவதில்லை. அதன் வேலையை வெளியே செய்யும் இயந்திரம், நாங்கள் பம்ப் என்று சொல்வது, மூலையில் சும்மா நிற்கும். அது நல்ல முறைதான். பலருக்கு நன்றாக நடந்திருக்கிறது, நீங்கள் நன்றாகச் செய்தும் இருக்கிறீர்கள். அன்றைக்கும் இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாய்க்கு ஒட்டுப்போட்டது பிரமாதமாக இருந்தது. நானே சொன்னேன். கேஸ் குறைந்த அளவில் ஓடிக்கொண்டிருந்தது. பிரஷர் நான் வைத்த இடத்தில் நின்றது.

பின்பக்கக் குழாய்க்கு வந்தீர்கள். அது இதயத்தின் முதுகில் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் இதயத்தைத் தூக்கிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அப்படிச் சாய்த்தால் இதயத்துக்குள் வருகிற ரத்தம் மடங்கி நிற்கும். வராத ரத்தத்தை அது எப்படித் தள்ளும்? பிரஷர் இறங்கும். எல்லா அறுவை டாக்டரும் அறிந்தது இது. இறங்கினால் இதயத்தைத் திரும்ப அதன் இடத்தில் வைத்து, மூச்சு விட நேரம் கொடுத்து, மறுபடி தூக்குவார்கள். அதுதான் முறை.

"பிரஷர் இறங்குது சார்" என்றேன்.

"கேஸக் கொறைம்மா."

"கொறைச்சிட்டேன். ஹார்ட்ட இறக்கி வைங்க."

"இன்னும் கொறை."

"மூடியாச்சு சார். சைபர்ல நிக்குது. தூக்கத்துக்கு ஊசிதான் ஓடுது. இறக்கி வைங்க."

"ஒரு தையல்தான். இரு."

"சார், இறக்குங்க."

"அங்க நீ என்னாதாம்மா பண்ற?"

இந்தக் கடைசி வாக்கியத்தை நீங்கள் தலை நிமிராமல் சொன்னீர்கள். நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பிரஷரை ஏற்றும் மருந்தைக் கொடுத்தேன். கட்டிலைத் தலைப்பக்கம் தாழ்த்தினேன். பம்பைத் தயார் செய்யச் சொல்லிக் கத்தினேன். ஒரு தையல் என்றது முடியவில்லை. திரையில் கோடு கலைந்தது. உங்கள் கையில் இருந்த இதயத்தில் துடிப்பு போய் வெறும் நடுக்கம் மட்டும் மிஞ்சியது. அப்போதுதான் இறக்கினீர்கள்.

அதற்குப் பிறகு எல்லாரும் நன்றாகத்தான் வேலை செய்தோம். ஷாக் கொடுத்தீர்கள். கையாலேயே பிசைந்தீர்கள். பம்பில் போட்டு ஒட்டை முடித்தீர்கள். பம்பிலிருந்து எடுக்க முயன்றபோதெல்லாம் இதயம் எழுந்து வரவில்லை. நீங்கள் வியர்த்து நின்றதைப் பார்த்தேன். அந்த நேரத்தில் உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இரக்கம்தான் இருந்தது.

நீங்கள் அவரைக் கொன்றீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பின்பக்கக் குழாயைச் சரிசெய்யாமல் விட்டிருந்தால் வீட்டில் போய்ச் செத்திருக்கலாம். கை வைக்கிற தொழிலில் கை தவறும். என் கையும் தவறியிருக்கிறது. என் கோபம் தியேட்டருக்குள் நடந்ததைப் பற்றியது இல்லை. கதவுக்கு வெளியே நீங்கள் சொன்ன சொல்லைப் பற்றியது.

அது என் காதுக்கு வந்த வழி கேவலமானது. அம்மா ஜாக்கெட் தைக்கச் சாரத்துக்குப் போய்வந்தார். வந்ததும் வராததுமாக, "கேட்டியாடி, உங்க ஆஸ்பத்திரியில ஒரு பொம்பள டாக்டரு கேஸ அதிகமாத் தொறந்து உட்டுட்டாளாம். ஆளு அப்பிடியே போயிட்டானாம்" என்றார்.

"யாரும்மா சொன்னது?"

"தையக்காரிதான். அவ தெருதான் அந்தாளு."

"அந்தப் பொம்பள டாக்டர் நான்தாம்மா."

அம்மா என்னைப் பார்த்தார். பையை வைத்தார். உட்கார்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார், "நீ ஏண்டி அவ்ளோ தொறந்த?"

பெற்ற தாய் அப்படிக் கேட்டாள், சார். சமையலறையில் சிலிண்டர் திருகை மூடாமல் விட்ட மருமகளைக் கேட்பதுபோல.

மறுநாள் டாக்டர்கள் அறையில் உங்களைப் பிடித்தேன். வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். கையைத் துடைத்துவிட்டு, கோபப்படாமல்தான் பேசினீர்கள். "ஜனங்களுக்குப் புரியற மாதிரி ஒண்ணு சொல்லணும்மா. இதயத்தத் தூக்குனேன், ரத்தம் மடங்குச்சின்னு அந்தப் பொம்பளைக்குச் சொல்ல முடியுமா? ஒத்துக்கலன்னு சொன்னேன். அதுல யார்மேலயும் பழி இல்லையே. உன் பேரையா சொன்னேன்?"

"என் பேரு வேற, கேஸ் வேறயா சார்?"

"பெருசு பண்ணாத. வெளியில வாயத் தொறந்தா கேஸ் போட்ருவாங்க. அப்ப உனக்கும் சேர்த்துத்தான்."

கேஸ் போடுவார்கள். அந்த ஆஸ்பத்திரியில் அந்தச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம் இருந்தது! நெஞ்சுவலியும் கேஸ், என் மருந்தும் கேஸ், கட்டிலில் படுத்திருக்கும் மனிதரும் கேஸ், கோர்ட்டும் கேஸ். நீங்கள் பயந்தது கடைசிக் கேஸுக்கு. பலி கொடுத்தது என்னுடையதை.

ஒத்துக்கல. இந்தச் சொல்லை நம் ஜனங்கள் எப்படிக் கேட்பார்கள் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். கத்திரிக்காய் ஒத்துக்கல. ஊர்த் தண்ணி ஒத்துக்கல. அதற்குமேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். உடம்பு வாகு அப்படி என்று ஏற்றுக்கொள்வார்கள். கேள்வியை அடைக்க அதைவிட நல்ல மூடி இல்லை. நீங்கள் நினைக்காத ஒன்று உண்டு. ஒத்துக்காத உடம்பு என்றால் அது அந்த ஒரு ஆளோடு போகாது. ரத்தத்தில் இருக்கிறது என்பார்கள். அண்ணனுக்கு ஒத்துக்காதது தம்பிக்கும் ஒத்துக்காது.

நான் பயந்தது நடந்தது. ஒவ்வொரு வருடமும் சாரத்துக் கல்யாண மண்டபத்தில் நம் ஆஸ்பத்திரி இலவச இதய முகாம் நடத்தும். நீங்கள் மேடையேறி மைக்கில் பேசுவீர்கள். உங்கள் பேச்சின் முதல் வரி எல்லாருக்கும் மனப்பாடம்: "நெஞ்சு வலியைக் கேஸ்னு நினைச்சு ஏமாந்துடாதீங்க." அதைக் கேட்டுத்தான் தம்பி வந்து வரிசையில் நின்றார். அண்ணன் செத்து ரெண்டு வருடம் ஆகியிருந்தது. ஆஞ்சியோ எடுத்தார்கள். அண்ணனுக்கு இருந்த அதே இடங்களில் அடைப்பு. ஸ்டென்ட் வைக்கிற மாதிரி இல்லை, பைபாஸ்தான் என்று நீங்களே சொன்னீர்கள். அவர் செய்துகொள்ள மாட்டேன் என்றார். மயக்கத்துக்குப் பயப்படுகிறார், போய்ப் பேசு என்று என்னை அனுப்பினார்கள். என்னை!

கட்டிலில் அதே மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்கம்மா. அண்ணனுக்குக் குடுத்தவங்கதானே?"

"ஆமாங்க. அவரு கேஸால சாகல."

"எங்க குடும்பத்துக்கே அது ஒத்துக்காதும்மா. எங்கண்ணன் பொண்ணு பல்லு புடுங்கப் போனாக்கூட மொதல்ல அதத்தான் சொல்லும்."

"கேஸே இல்லாம, ஊசியில மட்டும் மயக்கம் குடுக்கலாம். நான் வேணாம்னா வேற டாக்டர் குடுப்பாங்க. மெட்ராஸுக்குக்கூட எழுதித் தர்றேன்."

"டாக்டரு மாறும். ரத்தம் மாறுமா?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. எனக்கு விளங்கவைக்கிற மாதிரி சொன்னார். அன்றே மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் சாரத்துக்குப் போனேன். அண்ணன் தம்பி குடும்பங்கள் ஒரே வீட்டில் இருந்தன. கதவைத் திறந்தது அண்ணன் மனைவி. உள்ளே வராதே என்று சொல்லவில்லை. நாற்காலி போட்டாள். தான் உட்காரவில்லை.

தியேட்டரில் நடந்ததை அவளுக்குப் புரியும்படி சொன்னேன். இதயத்தைத் தூக்கியது, ரத்தம் மடங்கியது, கேஸை மூடிவிட்டது எல்லாம். ஒரு தண்ணீர்க் குழாயை மடக்கிப் பிடித்தால் என்ன ஆகும் என்று கையால் காட்டினேன். கேட்டாள். கடைசிவரை கேட்டாள்.

"முடிஞ்சுதா?" என்றாள். "மொத நாளு நீதான வந்து சொன்ன, கேஸு வெச்சா ஹார்ட்டு மெதுவாப் போவும்னு? சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"மறுநாளு பெரிய டாக்டரும் அதையேதான் சொன்னாரு. கேஸு வெச்சாங்க, ஹார்ட்டு வீக்காயிடுச்சின்னு. ரெண்டு பேரும் ஒண்ணத்தான் சொன்னீங்க. இப்ப ரெண்டு வருஷம் பொறுத்து வந்து, அது இல்ல வேறன்ற. நான் எத நம்பறது?"

"நான் சொன்னது கொஞ்சம் மெதுவாகும்னு. நின்னுபோகும்னு சொல்லல."

"மெதுவாப் போய்த்தானம்மா எல்லாம் நிக்கும்."

படித்த படிப்பில் இதற்குப் பதில் இருக்கிறது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொல்லக்கூடிய பதில் இல்லை. நான் என் தலையைக் காப்பாற்றிக்கொள்ள வந்திருப்பதாகத்தான் அவளுக்குத் தோன்றியிருக்கும். அவள் இடத்தில் இருந்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றும்.

தம்பி உள்ளேயிருந்து வந்தார். காக்கிச் சட்டை, கையில் வேன் சாவி. ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட் இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். "டாக்டரம்மா, மாத்திரை போட்டுனுதான் ஓட்டறேன். நடுவுல அடைச்சா ஓரங்கட்டி நாக்குக்கடியில ஒண்ணு வெச்சிக்கறேன். வண்டியில இருக்கிறவங்க கேட்டா கேஸுன்றேன். அவங்களுக்கும் பயமா இருக்கக் கூடாதில்ல."

வேன் நிறைய ஆட்களோடு அவர் சேதராப்பட்டுக்குக் கிளம்பிப் போனார். அந்தப் பெண் வாசலில் நின்று வேன் தெருமுனையைத் தாண்டும்வரை பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள். குரல் மாறியிருந்தது.

"எனக்கு மட்டும் ஆசையா, இவனும் போவணும்னு? நீ சொல்றதுதான் நெஜம்னா அத அவரு வந்து சொல்லட்டும். எங்கிட்ட நேருக்கு நேரா நின்னு சொன்னவரு அவருதான். அவரே வந்து, கேஸால இல்லம்மான்னு சொல்லிட்டா நாளைக்கே இவன நானே இட்டுனு வந்து படுக்க வெக்கிறேன். நீ இல்ல. அவரு."

இதைவிட நியாயமான பேச்சை நான் கேட்டதில்லை. அங்கிருந்து நேராக உங்கள் வீட்டுக்கு வந்தேன். நினைவிருக்கிறதா? தோட்டத்தில் நின்றீர்கள். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு ஆளின் உயிர், நீங்கள் சாரத்துக்குப் போய் அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும் என்று கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சுகிறவள் இல்லை. அன்று கெஞ்சினேன்.

நீங்கள் சொன்னீர்கள், "நான் போய் நின்னா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்மா."

அப்போதுதான் எனக்கு எல்லாம் தெளிந்தது. ஒத்துக்கல என்று அந்தப் பெண்ணிடம் நீங்கள் சொன்னது பாதி உண்மை. அந்த மனிதரின் உடம்பு என் மருந்தை ஒத்துக்கொண்டது. நான் கேஸை ஏற்றினேன், அதன் இதயம் தணிந்தது. இறக்கினேன், எழுந்தது. காலையிலிருந்து நீங்கள் தூக்குகிற வரைக்கும் அது நான் சொன்னதைக் கேட்டது. ஒத்துக்காதது நீங்கள்தான், சார். நீங்கள் மட்டும்தான்.

அதற்குப் பிறகு நான் அந்த ஆஸ்பத்திரியில் இருக்கவில்லை. நிர்வாகத்திடம் சொல்லிப் பார்த்தேன். டீம் என்றால் விட்டுக்கொடுத்துப் போக வேண்டும் என்றார்கள். இப்போது இன்னொரு இடத்தில் வேலை செய்கிறேன். கேஸ் என்ற சொல்லை நோயாளிகளிடம் சொல்வதை விட்டுவிட்டேன். மூச்சு மருந்து என்கிறேன். இதயத்தை அது என்ன செய்யும் என்று சொல்வதை மட்டும் விடவில்லை. அதையும் விட்டால் நானும் உங்களைப் போல ஆகிவிடுவேன்.

தம்பி இன்னும் வேன் ஓட்டுகிறார். போன வாரம் அம்மா தையல்காரியிடம் கேட்டு வந்தார், இப்போதெல்லாம் தெருமுனை வரைகூட நடந்து போக முடியவில்லையாம். வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டால் சரியாகிவிடுகிறதாம். நேரம் அதிகம் இல்லை. இது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், அந்த ஆஞ்சியோவைப் பார்த்த யாருக்கும் தெரியும்.

இந்த மாதம் மறுபடி சாரத்தில் முகாம் என்று சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். உங்கள் படம் போட்டிருக்கிறது. வாருங்கள். மேடையேறுங்கள். கேஸ்னு நினைச்சு ஏமாந்துடாதீங்க என்று தொடங்குங்கள், அந்த வரி நல்ல வரிதான். அதை முடித்துவிட்டு அந்த மைக்கைக் கீழே வைக்காதீர்கள். முன்வரிசையில் அந்தப் பெண் உட்கார்ந்திருப்பாள். நான் அழைத்து வருகிறேன். கேஸ் போடுவார்களே என்று பயம் இருந்தால், நானும் மேடையில் பக்கத்தில் நிற்கிறேன், என்மேலும் சேர்த்துப் போடட்டும்.

அவள் புருஷனின் இதயம் நின்றபோது என் கேஸ் திறந்திருந்ததா, மூடியிருந்ததா? மருந்து அவருக்கு ஒத்துக்கலையா, இல்லை நீங்கள் கீழே இறக்கவில்லையா? தனியாக என்னிடம் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும். தெருவே கேட்கிற மாதிரி மைக்கில் சொல்லுங்கள். தம்பி உயிரோடு இருக்கும்போதே சொல்லுங்கள்.